மனம்விட்டுக் கேளுங்கள்: பழைய பாவமும் நிலுவையில் நிற்கும் கடனும்

இந்த இதழில் பாவ அறிக்கை, மன்னிப்பு பற்றி வந்த கடிதங்களை மட்டும் தனியே எடுத்துப் பதில் சொல்கிறோம். எழுதியவர்கள் பல சபைகளைச் சேர்ந்தவர்கள். வழக்கம் மாறும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம். பெயர், ஊர் எதையும் வெளியிடவில்லை.

கேள்வி: பதினெட்டு வருடங்களுக்கு முன் வேலை பார்த்த கம்பெனியில் கணக்கில் கை வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பிறகு இரட்சிக்கப்பட்டேன். ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எங்கள் சபைக் கட்டட நிதிக்கு எடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறேன். இன்னும் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அப்போது காசாளராக இருந்தவர் மேல் சந்தேகம் வந்து, அவர் வேலையை விட்டுப் போனார் என்பதும் உண்மை.

பதில்: உங்கள் பாரம் முழுக்கக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருவோம். முதலில் பணம்.

திருப்பித் தர வேண்டும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் இதற்கு ஒரு வரிசையே போட்டுத் தருகிறது. எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவன் கையில் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி அதற்குப் பிறகுதான். நூறு எடுத்திருந்தால் நூற்றிருபது. ஆடு திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22:1 நாலு மடங்கு விதிக்கிறது. லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயு தன்மேல் போட்டுக்கொண்டது அந்தக் கடினமான கணக்கை. அந்த மடங்குகள் இன்று நம்மை அப்படியே கட்டுப்படுத்துமா என்று வாதாடலாம். முதலைத் திருப்ப வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் இரண்டு கருத்து கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1459) திருடிய பொருளைத் திருப்பித் தருவது, கெடுத்த பெயரைச் சீர்செய்வது இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

கட்டட நிதிக்குக் கொடுத்தது காணிக்கை, கடனடைப்பு அல்ல. ஒருவர் வீட்டில் எடுத்ததை இன்னொருவர் வீட்டில் கொடுத்துவிட்டுக் கணக்கு நேர் என்று சொல்ல முடியாதே. உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்குப் போக வேண்டும். வாரிசும் இல்லையென்றால்தான் அது கர்த்தருக்கு என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றால் அதன் முதலாளியோ பங்குதாரரோ இருக்கிறாரா என்று தேடுங்கள். தேடியும் யாரும் இல்லாதபோது ஏழைகளுக்குக் கொடுக்கலாம். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகத் தரலாம். பெயர் சொல்லாமல் அனுப்பவும் இடமுண்டு. பெயரோடு தருவது மேல். கையெழுத்திட்டு எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். தப்பிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. என்ன வரக்கூடும் என்று தெரிந்து, மனைவி பிள்ளைகளைத் தயார்செய்துவிட்டுச் செய்வதற்காகச் சொல்கிறோம். இல்லையென்றால் பாதி வழியில் பயந்து, சொன்னதை மறுக்க நேரிடும். அந்த மறுப்பு இன்னொரு பொய்.

இப்போது அந்தக் காசாளர். பணத்தை மறைவாக அனுப்பலாம். அவருடைய பெயரை மறைவாகத் திருப்பித் தர வழியில்லை. அவர் மீது சந்தேகம் நிற்கிறவரை நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதே தினமும் அவர்மேல் சொல்லும் பொய்ச்சாட்சி. முதலில் அவரைத் தேடுங்கள். நேரே வாசலில் போய் நிற்க வேண்டாம். இருவருக்கும் நம்பிக்கையான ஒருவர் மூலம் ‘இன்ன விஷயம் பேச வேண்டும், சம்மதமா’ என்று கேட்டு அனுப்புங்கள். சந்தித்தால் ஐந்து நிமிடத்துக்குள் உண்மையைச் சொல்லிவிட்டு, ‘இதை யார் யாரிடம் நான் சொல்ல வேண்டும்?’ என்று அவரிடமே கேளுங்கள். பழைய முதலாளிக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம், தன் பிள்ளைகள் முன்னால் சொல்லச் சொல்லலாம், ‘எல்லாம் முடிந்த கதை, கிளறாதே’ என்றும் சொல்லலாம். முடிவு அவருடையது. வேலை போனதால் அவருக்கு வந்த நஷ்டமும் உங்கள் கணக்கில் சேரும். அவர் மன்னிக்க மறுத்தால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

கேள்வி: நான் கத்தோலிக்கன். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது திருமணத்துக்கு முந்தைய நாள். இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. செபங்கள் மறந்துவிட்டன. இத்தனை வருடப் பாவத்தை எப்படி எண்ணுவது? சாமியார் திட்டுவாரா?

பதில்: சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் ஐந்து காரியம் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: ஆன்ம சோதனை (செய்த பாவத்தை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அதற்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்யேன் என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் சொல்வது), அபராதம் (குரு விதிக்கும் பரிகாரம்). இன்றும் அதே வரிசைதான். நாலாவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அந்த இருபத்தைந்து வருடச் சுமை இறங்குவதும் தங்குவதும் முதல் இரண்டைப் பொறுத்தது.

ஒரு மாலை ஒதுக்கி, தாளும் பேனாவுமாக உட்காருங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, உங்கள் வாழ்க்கையைக் காலப்பகுதிகளாகப் பிரித்து யோசியுங்கள்: இந்த வேலையில் இருந்தபோது, அந்த வீட்டில் குடியிருந்தபோது, பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது. வருடக் கணக்கைவிட இடமும் மனிதர்களும்தான் நினைவைக் கொண்டுவரும். திருச்சபைச் சட்டம் (எண் 988) கேட்பது சாவான பாவங்களின், அதாவது கனமான பாவங்களின், வகையும் எண்ணிக்கையும். துல்லியமான எண் தெரியாதபோது ‘மாதம் இரண்டு தடவை, ஏறக்குறைய ஐந்து வருடம்’ என்றால் போதும். அற்பப் பாவங்களையும் சொல்வது நல்லது, கட்டாயமில்லை. கதை வேண்டாம். ‘என் தம்பி எப்படிப்பட்டவன் என்றால்...’ என்று ஆரம்பித்தால் அது அவனுடைய பாவசங்கீர்த்தனம் ஆகிவிடும். கூட இருந்தவரின் பெயரையும் சொல்லாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்கக் கூடாது என்று குருவுக்கே சட்டம் உண்டு (எண் 979).

திருப்பலிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வரிசையில் போய் நிற்காதீர்கள். அவசரத்தில் பாதிதான் வெளியே வரும். முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, ‘சுவாமி, இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது, முறை மறந்துவிட்டது, நீங்களே வழிநடத்துங்கள்’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு திட்டுகிற குருக்கள் அபூர்வம். திட்டினால் வேறொருவரிடம் போகலாம். பங்குக் குருவிடம்தான் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. முகம் தெரியக் கூடாது என்றால் தடுப்புத் திரைக்கு அப்பால் முழந்தாளிடலாம். மனத்துயர் செபத்தைத் தாளைப் பார்த்து வாசிக்கலாம். கொடுத்த அபராதத்தைச் செய்ய முடியாது என்று தோன்றினால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து எரித்துவிடுங்கள். சட்டைப் பையில் கிடந்த தாளை வீட்டில் யாராவது எடுத்து வாசிக்கும் விபத்து அரிதல்ல.

இரண்டு சிக்கல்கள் வரலாம். உண்மையிலேயே மறந்துபோன பாவம் மற்றவற்றோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிடும். நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். ஆனால் வெட்கப்பட்டு ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே விழுங்கிவிட்டால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே சொல்ல மிகவும் கூசுகிறதை முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இப்போது திருச்சபை முறைக்குப் புறம்பான மணவாழ்வில் இருப்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதைத் தனியாகப் பேசித்தான் தீர்க்க முடியும்.

ரகசியம் பற்றிக் கவலையே வேண்டாம். கேட்டதை நேரடியாக வெளிப்படுத்தும் குருவுக்குத் தானாகவே திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனை விழும். வருடத்துக்கு ஒரு முறையாவது என்ற கட்டளை 1215-இல் ஆயர்கள் கூடிய நாலாவது லாத்தரன் சங்கம் போட்டது. உங்களுக்கு இருபத்தைந்து பாக்கி. ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

பதில்: ஆலோசனை கேட்கலாம். பாவமன்னிப்பு வழங்க முடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002-இல் வத்திக்கான் ஆவணமே சொல்லிவிட்டது. 2020-இல் கோயில்கள் மூடிக் கிடந்தபோதும் வத்திக்கான் நினைவூட்டிய வழி, உத்தம மனஸ்தாபப்பட்டு (கடவுள்மேல் உள்ள அன்பால் வருந்தி), கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு மன்னிப்பு வேண்டுவதுதான். எழுதி அனுப்பியது இரண்டு போனில் கிடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: நாங்கள் சீர்திருத்த சபையார். தேவனிடம் நேரே அறிக்கை செய்தால் போதாதா? புதிதாக வந்த போதகர், பாவத்தைச் சபைக்கு முன்னால் சொன்னால்தான் விடுதலை என்கிறார்.

பதில்: தேவனிடம் செய்தால் போதும் என்பதற்கு 1 யோவான் 1:9 இருக்கிறது. ஆனால் சீர்திருத்தம் வந்ததும் மனிதரிடம் சொல்வதே ஒழிந்துவிட்டது என்பது பாதி உண்மை. லூத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 11-ஆம் பிரிவில், தனி மன்னிப்பைச் சபைகளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எல்லாப் பாவத்தையும் பட்டியல் போடத் தேவையில்லை என்பதுதான் அது செய்த மாற்றம். ஆங்கிலிக்கன் சபையிலும் விரும்புகிறவர் ஆயரிடம் தனியே அறிக்கை செய்யலாம், யாரையும் வற்புறுத்துவதில்லை. தனிமையில் நூறு முறை சொல்லியும் அடங்காத ஒன்று, இன்னொரு மனிதக் குரல் ‘உனக்கு மன்னிக்கப்பட்டது’ என்று சொல்லும்போது அடங்குவதுண்டு. ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 அதற்காகத்தான்.

சபைக்கு முன்னால் சொல்வது வேறு. பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும். சபைப் பணத்தை எடுத்தவர் சபைக்குச் சொல்ல வேண்டும். தனியறைப் பாவத்தை மேடையில் சொல்வதால் விடுதலை வருவதில்லை, வீடியோதான் வருகிறது. ஆராதனை நேரடி ஒளிபரப்பாகும் காலம் இது. உங்கள் கதையில் வரும் இன்னொரு பெண்ணோ ஆணோ அந்த மேடைக்குச் சம்மதிக்கவில்லை.

போதகரிடம் தனியே பேசுவதானாலும், வாய் திறக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை யாரிடமாவது சொல்வீர்களா? மூப்பர்களிடம்? உங்கள் மனைவியிடம்? கத்தோலிக்கக் குருவுக்கு உள்ளதுபோல எல்லாப் போதகருக்கும் ரகசியம் காக்கும் கடமை கிடையாது. சில சபைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. தயங்கிப் பதில் சொல்கிறவரிடம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வாருங்கள்.

கேள்வி: ஒன்பது வருடங்களுக்கு முன் வெளியூர் வேலையில் இருந்தபோது ஒரு தவறான உறவு. ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது. மனைவிக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவா?

பதில்: ‘சொல்லியே ஆக வேண்டும்’ என்பவர்களும் ‘சொல்லவே கூடாது’ என்பவர்களும் போதகர்களிலேயே இருக்கிறார்கள். நாங்கள் சில எல்லைகள் மட்டும் போடுகிறோம். உறவு முழுதாக முடிந்திருக்க வேண்டும். நம்பர்கூட போனில் இருக்கக் கூடாது. நோய்த்தொற்றுக்கு இடமிருந்தால் பரிசோதனை செய்தாக வேண்டும், அது மனைவியின் உடல் சம்பந்தப்பட்டது என்பதால் மறைக்க உரிமையில்லை. குழந்தை இருந்தாலும், இன்னொருவர் வாயால் அவர் கேட்க நேரும் என்றாலும் அப்படித்தான். அவரே நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

இவை எதுவும் இல்லாதபோது முதலில் ஒரு குருவிடமோ போதகரிடமோ முழுதாகச் சொல்லிவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். அதன்பிறகும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அது மனைவிக்காகவா, உங்கள் தூக்கத்துக்காகவா என்று பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு இறக்கி வைத்துவிட்டு நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அவர் விடியவிடிய கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்வதென்றால் பகலில், பிள்ளைகள் வீட்டில் இல்லாத நாளில், அவர் யாரிடம் போய் அழலாம் என்று முன்பே யோசித்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, யார் என்ற அளவில் நிறுத்துங்கள். வர்ணனை வேண்டாம். அப்புறம் அவர் பத்து தடவை கேட்டாலும் பத்து தடவையும் அதே பதில். ‘அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக் கூடாது.

கேள்வி: ஒரே பாவத்தை எத்தனை முறை அறிக்கை செய்தாலும் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது. பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் செய்துவிட்டேனோ என்ற பயம். ராத்திரி எழுந்து எழுந்து ஜெபிக்கிறேன்.

பதில்: மாற்கு 3:30-ஐப் பாருங்கள். அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு இல்லை என்று இயேசு ஏன் சொன்னார் என்று அங்கேயே காரணம் இருக்கிறது: கண்ணெதிரே நடந்த நன்மையை அசுத்த ஆவியின் வேலை என்று வேதபாரகர் சொன்னதால். அவர்களிடம் பயமே இல்லை. உங்களிடம் பயம் மட்டும்தான் இருக்கிறது.

இந்த நிலைக்குப் பழைய பெயர் மனச்சாட்சிக் குழப்பம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மோன்செராட் மடத்தில் தன் வாழ்நாள் பாவத்தையெல்லாம் எழுதி, மூன்று நாள் எடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அப்படியும் பக்கத்து ஊரான மன்ரேசாவில் ‘அதை விட்டுவிட்டேனோ, இதைச் சரியாகச் சொல்லவில்லையோ’ என்று பல மாதம் வாதிக்கப்பட்டார். முடிவில், பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்தபோதுதான் அது விட்டது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தன் துறவறத் தலைவரைக் களைப்பாக்கியவர்.

ஆகவே செய்ய வேண்டியது: ஒரே ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், ஆள் ஆளாகக் கேட்காதீர்கள். ‘ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது’ என்று அவர் விதித்தால், மனம் எவ்வளவு அரித்தாலும் அதற்குக் கீழ்ப்படியுங்கள். மறுபடி சொல்வது அரிப்பைச் சொறிவது போல. அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு புண். தூக்கம் கெட்டு, எண்ணத்தை நிறுத்தவே முடியாத அளவுக்குப் போயிருப்பதால் மனநல மருத்துவரையும் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய் (OCD) மதப் பயமாக வேடம் போட்டு வருவதுண்டு. அதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன.

லூக்கா 15-இல் உள்ள கெட்டகுமாரன் உவமையை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே ஒரு பேச்சைத் தயாரிக்கிறான் (18, 19 வசனங்கள்). அதன் கடைசிப் பகுதி, ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்பது. 21-ஆம் வசனத்தில் தகப்பன் முன் நின்று பேசும்போது அந்தப் பகுதி இல்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அறிக்கை முழுமையாக இல்லை. ஆனாலும் விருந்து நின்றுபோகவில்லை.

கேள்வி: சிறுவயதில் என்னிடம் தவறாக நடந்த உறவினர் இப்போது மனந்திரும்பி ஊழியம் செய்கிறார். ‘மன்னிப்புக் கேட்டுவிட்டார், நீ மன்னித்துக் குடும்ப ஜெபத்துக்கு வா’ என்று வற்புறுத்துகிறார்கள். மன்னிக்காவிட்டால் எனக்கு மன்னிப்பு இல்லையா?

பதில்: சகோதரி, மூன்று வேறு காரியங்களை ஒன்றாகக் கட்டி உங்கள் தலையில் வைக்கிறார்கள். மன்னிப்பது என்பது பழிவாங்கும் உரிமையைத் தேவன் கையில் விடுவது. அது உங்களுக்கும் தேவனுக்கும் இடையே, உங்கள் வேகத்தில் நடக்கும். ஒப்புரவாவது என்பது மறுபடி பழகுவது. அதற்கு எதிராளியின் நம்பகத்தன்மை வேண்டும். அது கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. சட்டப்படி புகார் செய்வது மூன்றாவது. முதலாவதைச் செய்தவர் மற்ற இரண்டுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. ஒரே அறையில் உட்கார வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகவே வேண்டாம். அந்த ஆள் ஊழியத்தில் சிறுவர்களோடு பழகுகிறார் என்றால் சபைப் பொறுப்பாளர்களுக்கும் காவல் துறைக்கும் தெரிவிப்பது பகைமை அல்ல. உண்மையாக மனந்திரும்பியவர் தானாகவே சிறுவர் ஊழியத்தை விட்டு விலகியிருப்பார். செய்ததற்குச் சட்டம் தரும் விளைவையும் மறுக்கமாட்டார்.

கேள்வி: பழைய நண்பருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதினால் வக்காலத்து மாதிரி ஆகிவிடுகிறது. மாதிரி ஒன்று தர முடியுமா?

பதில்: தமிழ் நமக்கு ஒளிந்துகொள்ள நிறைய மறைவிடம் தருகிறது. ‘தப்பு நடந்துபோச்சு’, ‘வார்த்தை வந்துவிட்டது’, ‘சூழ்நிலை அப்படி ஆகிப்போனது’. இவற்றில் எதிலும் ஆளே இல்லை. தப்பு தானாக நடந்து, வார்த்தை தானாக வந்திருக்கிறது. ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற ‘ஆல்’ இன்னும் மோசம். புண்பட்டதா என்ற விசாரணையை அது மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘நான்’ என்ற எழுவாயும் ‘தேன்’ என்று முடியும் வினையும் வையுங்கள். 2 சாமுவேல் 12:13-இல் தாவீது ராஜா தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னது ‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்’ என்ற ஒரே வாக்கியம், காரணம் எதுவும் இல்லை. 1 சாமுவேல் 15-இல் சவுலும் ‘பாவஞ்செய்தேன்’ என்கிறான். ஆனால் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று காரணமும், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கோரிக்கையும் பின்னாலேயே வருகின்றன.

மாதிரி:

‘உன் அக்காள் திருமணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் உங்கள் குடும்பக் கடனைப் பற்றிச் சொன்னது நான்தான். பொறாமையால் சொன்னேன். நீ என்னிடம் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். அதனால் உங்கள் வீட்டார் பட்ட அவமானத்துக்கு நான் காரணம். அக்காளிடமும் சொல்ல நான் தயார். சொல்லவா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.’

வசனம் எதுவும் சேர்க்காதீர்கள். ‘மன்னியுங்கள், அப்பொழுது மன்னிக்கப்படுவீர்கள்’ என்பதைத் தவறு செய்தவர் எழுதி அனுப்பினால் அது மிரட்டல். கையால் எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, ‘ஆனால்’ என்ற சொல் எங்காவது இருந்தால் அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் வேண்டாம்.